மீனாட்சி: பேரின் பொருள், பிறந்த கதை, மலையகத்தில் அதற்குரிய இடம்

மீனாட்சி என்றால் மீன் போன்ற கண்களை உடையவள். வடமொழியில் 'மீன' என்பது மீன், 'அக்ஷி' என்பது கண். இரண்டும் சேரும் இடத்தில் அகரமும் அகரமும் கலந்து நெடிலாகி மீனாக்ஷி ஆகிறது. க்ஷ என்ற கூட்டொலி தமிழ் நாவில் ட்ச என்று திரிவது வழக்கம். லக்ஷம் லட்சமானது, பக்ஷி பட்சியானது, மீனாக்ஷி மீனாட்சியானாள். பேச்சில் இன்னும் ஒரு படி இறங்கி மீனாச்சி என்கிறோம். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் வயதான பெண்களைக் கூப்பிடும்போது காதில் விழுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வடிவம்தான்.

காமாட்சி, விசாலாட்சி ஆகிய பேர்களின் கடைசியில் நிற்பதும் இதே கண்தான். விசாலாட்சி அகன்ற கண்ணாள், காமாட்சி விருப்பம் நிறைந்த கண்ணாள். மூவரும் மூன்று ஊர்களின் அம்மன்கள்: காஞ்சியில் காமாட்சி, காசியில் விசாலாட்சி, மதுரையில் மீனாட்சி. பிறப்புச் சாட்சிப்பத்திரம் என்கிறோமே, அந்தச் 'சாட்சி'க்குள்ளும் அக்ஷிதான் இருக்கிறது. தன் கண்ணால் கண்டவர் என்பதே அதன் அடிப்படைப் பொருள்.

வடமொழிப் பேர் என்று சொல்லி இதை ஒதுக்குகிறவர்கள் முதற்பாதியைக் கவனிக்க வேண்டும். ரிக் வேதத்தில் மீனுக்குள்ள சொல் மத்ஸ்யம். 'மீன' என்பது தமிழ், மலையாளம், கன்னடம் முதலிய திராவிட மொழிகளிலிருந்து வடமொழிக்குப் போன சொல் என்பது மொழியாய்வாளர் பலரின் முடிவு. மின்னுவது மீன் என்பதால்தான் சங்கத் தமிழில் வானத்து நட்சத்திரத்துக்கும் மீன் என்றே பேர். இன்றும் விண்மீன் என்கிறோம். ஆக, பேரின் முன்பாதி தமிழ்நிலத்துச் சொல், பின்பாதி வடமொழி.

மீன் + ஆட்சி என்று பிரித்து, மீன்கொடி பிடித்த பாண்டியரின் ஆட்சி என்று பொருள் சொல்வதும் உண்டு. சொல்லிலக்கணப்படி இது சரியல்ல. பேரின் இறுதியில் உள்ளது ஆட்சி அல்ல, அக்ஷி. இருந்தாலும் இந்தப் பிரிப்பு மக்கள் மனதில் நிலைத்ததற்கு நல்ல காரணம் உண்டு. பாண்டியரின் சின்னம் மீன். அந்த மீன்கொடி பறந்த மதுரையில் முடிசூடி ஆண்டவளாகவே மீனாட்சியின் கதை சொல்லப்படுகிறது. மலயத்துவச பாண்டியனும் காஞ்சனமாலையும் பிள்ளை வரம் வேண்டி வேள்வி செய்ய, தீயிலிருந்து மூன்று வயதுப் பெண்ணாக அவள் வெளிப்பட்டாள். தடாதகை என்று பேரிட்டு, ஆண்பிள்ளைக்குரிய படைப்பயிற்சி கொடுத்து வளர்த்தார்கள். தகப்பனுக்குப் பின் அரசேறி, எண்திசையும் வென்று, கயிலை வரை படை நடத்தி, அங்கே சிவனைக் கண்டபோதுதான் மணமகளானாள். வீட்டில் மனைவி சொல்தான் செல்லும் என்றால் 'மதுரை', கணவன் சொல் என்றால் 'சிதம்பரம்' என்று சொல்லும் வழக்கு இங்கிருந்து வந்தது. பெண்பிள்ளைக்கு இந்தப் பேரை வைக்கிறவர்கள் கண்ணழகை மட்டும் நினைத்து வைப்பதில்லை. நாட்டை ஆண்ட ஒருத்தியின் பேரைக் கொடுக்கிறார்கள்.

மதுரையில் அம்மனுக்கு எழுத்தில் கிடைக்கும் பழைய பேர்களில் ஒன்று அங்கயற்கண்ணி. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் ஆலவாயைப் பாடிய தேவாரத்தில் அந்தப் பேரைக் காணலாம். அம் + கயல் + கண்ணி, அழகிய கயல்மீன் போன்ற கண்ணாள். மீனாட்சிக்கும் இதற்கும் பொருளில் வேறுபாடே கிடையாது. 17ஆம் நூற்றாண்டில், திருமலை நாயக்கர் காலத்தில், குமரகுருபரர் மீனாட்சியம்மைக்குப் பிள்ளைத்தமிழ் பாடினார். அந்தக் காலத்தில் மீனாட்சி என்ற வடிவமே கோயிலுக்கும் ஊருக்கும் உரிய பேராக நிலைத்திருந்தது. தூய தமிழில் பேர் வேண்டும், ஆனால் பாட்டியின் பேரும் விட்டுப்போகக் கூடாது என்று யோசிக்கும் பெற்றோருக்கு இது நல்ல வழி: கயல்விழி, கயற்கண்ணி, அங்கயற்கண்ணி மூன்றும் மீனாட்சியேதான். வடமொழியில் மீனலோசனி, அம்மன் பேரோடு சேர்ந்து மீனாம்பிகை, மீனாம்பாள் என்ற வடிவங்களும் உண்டு. ஆண்பிள்ளைக்கு இதே பேர் மீனாட்சிசுந்தரம் ஆகும். மதுரையில் அம்மனும் சுந்தரேசுவரரும் சேர்ந்த பேர் அது. உ.வே.சாமிநாதையரின் ஆசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) அந்தப் பேருக்குப் பெருமை சேர்த்தவர்.

கண்ணை ஏன் மீனோடு ஒப்பிட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கயல் நீண்டு, இரு முனையும் கூர்ந்த உடல் கொண்டது. நீரில் ஓரிடத்தில் நில்லாமல் பிறழ்வது. தமிழ்ப் பாட்டில் அது பெண் கண்ணின் வடிவுக்கும் அசைவுக்கும் உவமையானது. பக்தியில் வேறொரு விளக்கம் உண்டு. பெரும்பாலான மீன்களுக்கு இமை இல்லை, கண் மூடாது. அதுபோல அம்மனும் உறங்காமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பார்கள். மீன் தன் முட்டையை அடைகாக்காமல் பார்வையாலேயே பொரிக்கும் என்ற பழைய நம்பிக்கையையும் இதோடு சேர்ப்பார்கள். உயிரியலில் அதற்கு இடமில்லை. ஆனாலும் பேர் சூட்டும் வீட்டில் பாட்டிமார் சொல்லும் பொருள் இதுதான். தாய்ப்பார்வை என்ற எண்ணம் பேரோடு ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

மலைக்கு வந்த வழி

கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கையின் மலைநாட்டுக்கு, ஆள் வந்தது 1820களில் கோப்பியோடு. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம் பக்கங்களிலிருந்து வந்தார்கள். கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் அதிக ஆள் தேவை. அதனால் பெரும்பாலும் ஆண்கள் வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டார். அடுத்த 20 ஆண்டுகளுக்குள் இலை நோய் கோப்பியை அழித்துவிட, மலை முழுதும் தேயிலையானது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். அதோடு குடும்பம் குடும்பமாக வந்து லயங்கள் என்ற வரிசை வீடுகளில் தங்கும் வாழ்க்கை தொடங்கியது. பெண் பேர்கள் தோட்டத்துப் பதிவுகளில் பெருகியதும் அப்போதுதான்.

வந்தவர்கள் தங்கள் ஊர் அம்மனைப் பேரிலும் கொண்டுவந்தார்கள். தோட்டத்துக் கோயில்களில் பெரும்பாலானவை மாரியம்மன் கோயில்கள். அதனால் மாரியாயி, முத்துமாரி, மாரியம்மா ஆகிய பேர்கள் மலையெங்கும் மிகுதி. காளியம்மா, பேச்சியம்மா, ராமாயி, மூக்காயி, பொன்னம்மா, செல்லம்மா என்பவை அடுத்து வருவன. மீனாட்சி இந்த வரிசையில் சற்று வேறு வகை. மற்றவை கிராமத்து எல்லைத் தெய்வத்தையும் குலதெய்வத்தையும் நினைவுபடுத்த, இது பெருங்கோயில் அம்மனின் பேர். மதுரைச் சீமையிலிருந்து வந்த குடும்பங்களில் ஊர்ப்பற்றாகவும், மற்றக் குடும்பங்களில் பக்தியாகவும் இது வைக்கப்பட்டது.

பேர் தலைமுறை தாண்டி நின்றதற்குக் காரணம் ஒரு வழக்கம். மூத்த பெண்ணுக்குத் தகப்பனைப் பெற்றவளின் பேர், அடுத்தவளுக்குத் தாயைப் பெற்றவளின் பேர் என்று பல குடும்பங்களில் வைத்தார்கள். அப்படியானால் ஒரு மீனாட்சிக்குப் பிறகு ஒரு தலைமுறை விட்டு இன்னொரு மீனாட்சி வருவாள். இதில் ஒரு சிக்கல் இருந்தது. மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. மாமியாரின் பேரையே தன் பிள்ளைக்கு வைத்துவிட்டு அவளை எப்படிக் கூப்பிடுவது? அதற்காகத்தான் வீட்டுப் பேர்கள் பிறந்தன: பாப்பா, அம்மாயி, ஆத்தா, கண்ணு, சிறிசு. சிலர் மீனா என்று வெட்டிக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டுப் பேர் எத்தனையோ பெண்களுக்குக் கடைசி வரை ஒட்டிக்கொண்டது. அதுவே பின்னால் பத்திரங்களில் தொல்லையும் தந்தது.

காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் வாசிக்கும்போது ஒரே தோட்டத்தில் இரண்டு மூன்று மீனாட்சிகள் இருப்பது சாதாரணம். தொழிலாளர் பேர்ப் பதிவேடான செக்ரோலில் இலக்கம் உண்டு, ஆனால் இலக்கத்தைச் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. புருசன் பேரைச் சேர்த்து 'கருப்பையா மீனாட்சி', லயத்தைச் சேர்த்து 'மேல் லயத்து மீனாச்சி', வேலையைச் சேர்த்து 'பிள்ளை மடுவத்து (பிள்ளைக் காப்பகத்து) மீனாச்சியக்கா' என்று பிரித்துச் சொன்னார்கள். முன்னொட்டு இல்லாமல் மீனாட்சி என்று மட்டும் சொன்னால் அந்தத் தோட்டத்தில் மூத்தவள் யாரோ அவளைத்தான் குறிக்கும்.

மலையகத்தில் இந்தப் பேரை வரலாற்றில் பதித்தவர் மீனாட்சி அம்மாள். மலையகத் தொழிற்சங்கத்தின் முன்னோடியான கோ. நடேசையரின் மனைவி. நடேசையர் 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார், 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைப்பதே குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. மீனாட்சி அம்மாள் கணவரோடு தோட்டம் தோட்டமாகச் சென்று கூட்டங்களில் பாடினார். பாரதியாரின் பாட்டுகளையும், தொழிலாளர் நிலையைப் பற்றித் தாமே கட்டிய பாட்டுகளையும் மக்களுக்குத் தெரிந்த மெட்டில் பாடியதால் எழுத்து அறியாதவர்களுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. இந்திய வம்சாவளியினருக்கு எதிரான சட்டங்களும் வேலைநீக்கமும் வந்த நேரத்தில், 1940இல், அந்தப் பாட்டுகள் சிறு நூலாக வெளிவந்தன. மலையகப் பிள்ளை ஒருத்திக்கு இந்தப் பேரை வைத்தால், மதுரை அரசியோடு இந்த அம்மாளின் கதையையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அது நம் மண்ணின் கதை.

அன்று எவ்வளவு, இன்று எவ்வளவு

இன்று பாட்டி வயதில் இருப்பவர்களிடையே மீனாட்சி பரவலான பேர். அவர்களின் மகள்கள் காலத்தில் சாந்தி, லலிதா, யோகேஸ்வரி, புஷ்பராணி, தமிழ்ச்செல்வி ஆகியவை முன்னுக்கு வந்தன. வானொலியும் சினிமாவும் பள்ளிக்கூடமும் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தன. அடுத்த தலைமுறையில் தர்ஷினி, நிரோஷினி, டில்ஷானி என்று 'ஷ' ஒலியும் 'னி' முடிவும் கொண்ட பேர்கள் பரவின. அவற்றில் சில சிங்கள அயலவரிடமிருந்து வந்தவை. மாரியாயி, மூக்காயி ஆகிய பேர்கள் தோட்டத்தை நினைவூட்டுகின்றன என்று கூச்சப்பட்டு விட்டவர்கள் உண்டு. மீனாட்சிக்கு அந்தக் கூச்சம் அவ்வளவாக வரவில்லை. பேர் பழையதாகிவிட்டது என்பதுதான் பலரின் குறை. எங்கள் பார்வையில் அது குறையே அல்ல. வகுப்பில் நான்கு தர்ஷினிகள் இருக்கும் இடத்தில் ஒரு மீனாட்சி தனித்துத் தெரிவாள்.

உங்கள் ஊரில் இந்தப் பேர் எவ்வளவு பரவலானது என்று பார்க்க எளிய வழி உண்டு. கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் ஆண்டுதோறும் பார்வைக்கு வைக்கப்படும் வாக்காளர் இடாப்பில் பெரியவர்களின் பேர்கள் இருக்கும். முன்பள்ளி, முதலாம் தரப் பிள்ளைகளின் பேர்களை ஆசிரியரிடம் விசாரித்தால் இன்றைய நிலை தெரியும். இரண்டையும் ஒப்பிட்டால் எந்தப் பேர் ஏறுகிறது, எது இறங்குகிறது என்று புரிந்துவிடும்.

இந்தியாவில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசுவோரிடையே மட்டுமல்ல, வடக்கிலும் மீனாக்ஷி வழக்கில் உள்ள பேர். மீனா என்ற சுருக்கம் அதைவிடப் பரந்தது. ஆனால் எல்லா மீனாவும் மீனாட்சி அல்ல. பாரசீகத்திலிருந்து வந்த 'மீனா' என்ற சொல்லுக்கு நகைமேல் பூசும் வண்ணக் கண்ணாடிப் பூச்சு என்று பொருள். வடநாட்டில் சில மீனாக்களின் பேர் அதிலிருந்து வந்திருக்கலாம். சிங்களத்தில் மீன ராசி என்ற வழக்கு உள்ளதால் பேரின் முதற்பாதி சிங்கள அதிகாரிகளுக்கும் அந்நியமாக இராது.

நட்சத்திரமும் எண்ணும்

நட்சத்திர எழுத்துப் பார்த்துப் பேர் வைப்பவர்களுக்கு: மகம் நட்சத்திரத்தின் நான்கு பாதங்களுக்கும் ம, மி, மு, மெ என்ற எழுத்துகள் சொல்லப்பட்டுள்ளன. மி என்பதில் மீயும் அடங்கும். எனவே மீனாட்சி மகம் இரண்டாம் பாதத்துக்குரிய பேர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் ஓடுவது மாசி மகத்தில் என்பதால், அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு மகம் நட்சத்திரம் மனதுக்கு நெருக்கமானது. பிள்ளை வேறு நட்சத்திரத்தில் பிறந்திருந்தால் பேரைக் கைவிட வேண்டியதில்லை. நட்சத்திர எழுத்தில் ஒரு பேரைக் காதில் சொல்லிவிட்டு, மீனாட்சியை வழங்கும் பேராக வைப்பது பழைய வழக்கம்தான்.

எண்கணிதத்தில்தான் கவனம் தேவை. அங்கே ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுத்துக் கூட்டுகிறார்கள். 'எம், ஈ, ஈ, என், ஏ, டி, சி, எச், ஐ' என்று எழுதினால் 4+5+5+5+1+4+3+5+1 = 33, கூட்டினால் 6. 'எம், ஈ, ஈ, என், ஏ, கே, எஸ், எச், ஐ' என்று எழுதினால் 4+5+5+5+1+2+3+5+1 = 31, கூட்டினால் 4. முதல் வடிவத்தில் இன்னொரு 'ஏ' சேர்த்தால் 34, அதாவது 7. ஒரே பேருக்கு மூன்று எண். விரும்பிய எண் வரும் வரை எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பதற்கு முடிவே இல்லை. எண் பார்ப்பவர்கள் பிறப்பைப் பதியும் முன்பே பார்த்து முடித்துவிட வேண்டும். பிள்ளைக்குப் பத்து வயதில் யாரோ சொன்னார்கள் என்று பள்ளிக்கூடத்தில் மட்டும் ஓர் எழுத்தைச் சேர்த்தால், சாதாரண தரப் பரீட்சைச் சான்றிதழும் பிறப்புச் சாட்சிப்பத்திரமும் இரண்டு பேருடையதாக ஆகிவிடும்.

எழுத்தில் எங்கே பிழைக்கிறது

மீனாட்சி எழுத்துப் பிழைக்கு இடம்கொடுக்கும் பேர். காரணம் நடுவில் உள்ள 'ட்ச'. தமிழிலேயே மீனாட்சி, மீனாக்ஷி, மீனாச்சி என்று மூன்று விதமாக எழுதப்படுகிறது. ஆங்கிலத்தில் இலங்கையர் 'த' ஒலிக்கு 'டி, எச்' என்று எழுதிப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தில் நடுவில் ஒரு 'எச்' சேர்ந்து, திருப்பி வாசித்தால் மீனாத்சி என்று ஒலிக்கும் வடிவம் வந்துவிடும். 'டி' விடுபட்ட வடிவம், 'சி, எச்' இரு முறை வரும் வடிவம், முதல் இரண்டு 'ஈ'க்குப் பதில் ஒரே 'ஐ' போட்ட வடிவம், கடைசியில் 'ஒய்' வைத்த வடிவம் என்று இன்னும் பல உண்டு. சிங்களத்தில் எழுதும்போது ஓர் அலுவலர் காதில் கேட்டபடி மீனாச்சி என்று எழுதுவார், இன்னொருவர் தமக்குப் பழகிய க்ஷ எழுத்தைப் போட்டு மீனாக்ஷி என்பார். இருவரும் வேண்டுமென்று செய்வதல்ல. அவரவர் எழுத்துமுறை அப்படி.

முன்பு இதனால் பட்ட பாடு பெரிது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானவர்கள், 1949இன் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தபோது, பல ஆண்டுகள் விடாமல் இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. ஒரு பதிவில் மீனாச்சி, இன்னொன்றில் மீனாட்சியம்மா, மற்றொன்றில் பாப்பா என்று இருந்தால் மூன்றும் ஒருத்தியே என்று யார் சொல்வது? 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு குடியுரிமைப் பிரச்சினைக்குச் சட்டத்தில் தீர்வு வந்தது. பேர் வேறுபாடு மட்டும் இன்றும் வேறு இடங்களில் தலைகாட்டுகிறது. பெண்கள் 50 வயதில் ஊழியர் சேமலாப நிதியைப் பெறலாம். செக்ரோலிலிருந்து போன பேரும் அடையாள அட்டைப் பேரும் ஒத்துவராவிட்டால் பணம் கைக்கு வரத் தாமதமாகும். அப்போது இரு பேரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி (பிரமாணப் பத்திரம்) முடித்து, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு கொடுக்கும்படி கேட்பார்கள். தோட்டத்து அலுவலகத்தில் கடிதம் வாங்க வேண்டிவரும். ஓய்வு பெறும் நேரம் வரை காத்திராமல், வேலையில் இருக்கும்போதே சம்பளச் சீட்டில் உள்ள பேரையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருத்திக்கொள்வது நல்லது.

எந்த எழுத்தைத் தெரிவது? நாங்கள் சொல்வது 'டி, சி, எச்' வடிவம். வாசிக்கும்போது தமிழ் ஒலிக்கு அதுவே நெருக்கம். பாட்டி, அத்தை ஆகியோரின் பத்திரங்களிலும் பெரும்பாலும் இதுவே இருக்கும் என்பதால் குடும்பத்துக்குள் ஒருமை கிடைக்கும். வடமொழி ஒலியை விரும்பி மீனாக்ஷி என்று வைப்பவர்கள் 'கே, எஸ், எச்' என்று எழுதலாம். ஆனால் தமிழிலும் மீனாக்ஷி என்றே எழுத வேண்டும். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் இன்னொன்று என்று கலப்பதுதான் கேட்டுக்கு வழி.

பதியும் நாளில்

பழைய வழக்கப்படி முப்பதாம் நாள் வீடு கழுவித் தீட்டுக் கழித்து, கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பேர் சொல்வார்கள். சிலர் பதினாறாம் நாளிலேயே வைப்பார்கள். பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம் என்பதால் இரண்டுக்கும் நேரம் உண்டு. சிக்கல் வேறிடத்தில் வருகிறது. இன்று பிள்ளைகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் பிறக்கின்றன. அங்கேயே பதிவாளர் இருந்தால் தாய் வீட்டுக்குப் போகும் முன்பே பேரைக் கேட்பார். முடிவு செய்யாத வீட்டில் அவசரத்தில் வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொல்லிவிட்டு, முப்பதாம் நாள் வேறு பேர் வைப்பார்கள். பத்திரத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று என்ற பழைய கதை அங்கேயே தொடங்கிவிடுகிறது. பேர் முடிவாகாவிட்டால் பேரின்றியே பிறப்பைப் பதிந்து, பின்னர் பேரைச் சேர்க்க விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அவசரப் பேரைவிட அது மேல். மூன்று மாதம் கடந்தால் தாமதப் பதிவாகிவிடும், அதற்கு வேறு படிவமும் கூடுதல் ஆவணங்களும் தேவைப்படும். ஆகையால் பதிவையே தள்ளிப்போடக் கூடாது.

தகப்பன் பேரை எங்கே வைப்பது என்பதையும் வீட்டிலேயே தீர்மானியுங்கள். பிள்ளையின் பேருக்குரிய கட்டத்தில் மீனாட்சி என்று மட்டும் எழுதினால் அவளுடைய முழுப்பேர் அதுதான். பள்ளிக்கூடத்தில் வழக்கப்படி 'சு. மீனாட்சி' என்று தலைப்பெழுத்தோடு எழுதுவார்கள். பின்னால் அடையாள அட்டைக்கோ கடவுச்சீட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது அந்தத் தலைப்பெழுத்தின் விரிவு எங்கே என்ற கேள்வி வரும். 'சுப்பையா மீனாட்சி' என்று இரண்டு பேரையும் பிள்ளையின் பேர்க் கட்டத்திலேயே எழுதிவிட்டால் தலைப்பெழுத்துக்கு விரிவு பத்திரத்திலேயே இருக்கும். மலையகத்தில் நெடுங்காலமாக உள்ள முறையும் இதுவே.

மீனா என்று கூப்பிட விரும்பினாலும் பதிவில் மீனாட்சி என்று முழுமையாகப் போடுங்கள். முழுப்பேரிலிருந்து சுருக்குவதற்கு எந்தப் பத்திரமும் வேண்டாம். மீனா என்று பதிந்துவிட்டுப் பின்னால் மீனாட்சியாக்க விண்ணப்பமும் அலைச்சலும் வேண்டும். மீனாட்சியம்மாள், மீனாட்சிதேவி என்று நீட்டுவதையும் யோசித்துச் செய்யுங்கள். ஒட்டைச் சில இடங்களில் எழுதுவதும் சில இடங்களில் விடுவதும் இன்னொரு வேறுபாட்டை உண்டாக்கும்.

பதிவாளரிடம் போகும்போது வாயால் பேரைச் சொல்வதோடு விட வேண்டாம். ஒரு தாளில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் பேரை எழுதிக்கொண்டு போங்கள். சிங்களம் தெரிந்த ஆசிரியர் யாரிடமாவது முதலிலேயே எழுதி வாங்கி, அவரை அல்லாத இன்னொருவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். மீனாட்சி என்று காதில் விழுந்தால் சரி. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. அங்கே தமிழில் பதியும்படி கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள். பதிவாளர் எழுதி முடித்ததும் கையெழுத்துப் போடும் முன், தாளையும் படிவத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தாயின் பேர், தகப்பனின் பேர், அவர்களின் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். பிழை கண்டால் அந்த இடத்திலேயே சொல்லலாம். கையெழுத்திட்ட பிறகு கண்டால், மாவட்டப் பதிவாளருக்குத் திருத்த விண்ணப்பம் எழுதி, பிள்ளையின் பேர் வேறு விதமாக வழங்கியதற்கு ஆதாரமும் காட்ட வேண்டியிருக்கும்.